எண்ணி முடிக்க முதல்: 2009 தை மாதத்து வன்னியில் பல்குழலும் பாதுகாப்பு வலயமும்

அம்மம்மா எண்ணுவா. தெற்குப் பக்கம் "டுக்" என்று குத்துகிற சத்தம் கேட்டால் கையில் இருக்கிற அகப்பை அப்படியே நிற்க, வாய் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். பன்னிரண்டுக்குள் எல்லாரும் பங்கருக்குள் இருக்க வேண்டும், அதுதான் அவவின் கணக்கு. யாரும் சொல்லிக்கொடுத்தது கிடையாது, தொண்ணூறுகளில் இருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து தானாகப் பிடித்த கணக்கு. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்ட மனுசி, மோட்டார் செல் ஒன்று குழாயை விட்டுக் கிளம்பி எங்கள் வளவில் விழ முதல் தனக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று செக்கன் பிசகாமல் வைத்திருந்தா.

2009 தை மாதம் அந்தக் கணக்கு பிழைத்துப் போனது. ஏன் பிழைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. இறுதி யுத்தம் முழுவதையும் எழுத நான் வரவில்லை, அதற்கு என்னைவிடப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜனவரி 20இல் இருந்து பெப்ரவரி 4 வரை, கிட்டத்தட்ட இரண்டு கிழமை, பரந்தன் முல்லைத்தீவு வீதியில் உடையார்கட்டுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் சில கிலோமீற்றர், ஒரு ஆயுதம். அவ்வளவுதான் எடுத்திருக்கிறேன். சின்னதாக எடுத்தால்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும், பெரிதாக எடுத்தால் கடைசியில் எல்லாரும் ஒருவரை ஒருவர் ஏசிவிட்டு எழும்பிப் போவதோடு முடிந்துவிடும்.

முதலில் எப்படி அந்த வீதிக்கு வந்து சேர்ந்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008 செப்டெம்பரில் ஐ.நா.வையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. செப்டெம்பர் 16 ஐ.நா. கிளிநொச்சியை விட்டுப் போனது, போக வேண்டாம் என்று சனம் வாசலில் நின்று கேட்டும் போனது. செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் நின்றது. நவம்பர் கடைசியில் நிஷா புயல், வெள்ளம், கிணறு எது குளம் எது என்று தெரியாத தண்ணீர். 2009 ஜனவரி 2 கிளிநொச்சி விழுந்தது, 25 முல்லைத்தீவு. மேற்கே இருந்தும் கிழக்கே இருந்தும் ஆமி நெருங்க, நடுவில் இருந்த ஒரே நீளமான றோட்டு அந்தப் பரந்தன் முல்லைத்தீவு வீதி, ஏ-35. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம், தேவிபுரம். இந்தப் பெயர்களை இந்த வரிசையில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். லாண்ட்மாஸ்டர், ரக்ரர், சைக்கிள் எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக, ஒரு கிலோமீற்றர் போகப் பாதி நாள், கூரைத்தகரமும் மரமும் ஏற்றிக்கொண்டு. தகரத்தை ஏன் கொண்டுபோனோம் என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். மரம் இல்லாமல் பங்கருக்கு மூடி எப்படிப் போடுவது, தகரம் இல்லாமல் அந்த மூடியில் போட்ட மண் எப்படி நிற்கும்?

ஜனவரி 20ஆம் திகதியளவில் வானத்தில் இருந்து அரசின் துண்டுப்பிரசுரம் விழுந்தது. வீதிக்கு வடக்கே சுமார் 35 சதுர கிலோமீற்றர், இது பாதுகாப்பு வலயம், எல்லாரும் இதற்குள் வாருங்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள், வெளியில் இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். நாங்களும் கட்டினோம். சித்தப்பா மட்டும் "இப்பிடி எல்லாரையும் ஒரு இடத்தில குவிச்சுப்போட்டு என்ன செய்யப் போறாங்கள்" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார், அவர் எதற்கும் முணுமுணுக்கிற ஆள் என்பதால் யாரும் காதில் போடவில்லை.

சரி, ஆயுதத்துக்கு வருகிறேன்.

சனம் "பல்குழல்" என்றும் "மல்ரிபரல்" என்றும் சொல்வது பல குழாய்களை லொறியில் அடுக்கி வைத்து ரொக்கெட் அடிக்கிற இயந்திரத்தை. அடிப்படை வடிவம் சோவியத் ஒன்றியத்தின் பிஎம்-21 'கிராட்', 1960களில் வந்தது. 'கிராட்' என்றால் ரஷ்ய மொழியில் ஆலங்கட்டி மழை. இலங்கை இராணுவத்துக்கு வந்தது அதே 122 மில்லிமீற்றர் ரொக்கெட்டை அடிக்கிற செக் நாட்டு ஆர்எம்-70. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் விழுந்து யாழ்ப்பாணமும் போய்விடும் என்ற நிலையில் அவசர அவசரமாக வாங்கியவற்றில் அதுவும் ஒன்று. ஒரு வண்டிக்கு 40 குழாய். நாற்பதும் போய் முடிய ஏறக்குறைய 20 செக்கன். ஒரு ரொக்கெட் கிட்டத்தட்ட 3 மீற்றர் நீளம், 66 கிலோ நிறை, தலையில் 18 கிலோவுக்குச் சற்று மேல் வெடிதலை. உச்சத் தூரம் 20 கிலோமீற்றர்.

இதில் கவனிக்க வேண்டியது தூரமோ நிறையோ இல்லை, பரவல். ஆட்லறியின் (பீரங்கியின்) குழாய்க்குள் வரிக்கீறல் இருக்கும், குண்டு சுழன்றுகொண்டு குறித்த பாதையில் போகும், சுடுகிறவன் ஒன்று அடித்துப் பார்த்து அடுத்ததைத் திருத்தலாம். ரொக்கெட்டோ குழாயை விட்டு வந்த பிறகும் எரிந்துகொண்டே போகிறது. காற்று ஒரு பக்கம் தள்ளும், எரிபொருள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே எரியும், முதல் ரொக்கெட் போன உதைப்பில் லொறி ஆட இரண்டாவது வேறு கோணத்தில் போகும். ஒரு வண்டியின் 40 ரொக்கெட் நீண்ட தூரத்தில் 600 மீற்றருக்கு 600 மீற்றர் பரப்பில் சிதறி விழும் என்பது இந்த ஆயுதத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. அதைப் பிழை என்று சொல்லவும் ஏலாது, அதற்காகத்தான் செய்தார்கள். வெட்டையில் நிற்கிற படையணி ஒன்றை, வரிசையாக வருகிற வாகனங்களை, ஒரே நேரத்தில் ஒரு பரப்பு முழுவதும் அடித்துப் போடுவதற்கு.

இப்போது அம்மம்மாவின் பன்னிரண்டுக்குத் திரும்பலாம். மோட்டார் செல் மெதுவாக, உயரமாக ஏறி இறங்குகிறது. நாலைந்து கிலோமீற்றரில் இருந்து வருவதென்றால் அரை நிமிடத்துக்குக் கிட்ட ஆகாயத்தில் இருக்கும். அடித்த சத்தமோ ஒரு செக்கனுக்கு 340 மீற்றர் வேகத்தில் நேரே வரும், பன்னிரண்டு, பதினைந்து செக்கனில் காதுக்குள் வந்துவிடும். ஆகச் சத்தம் முந்தி, செல் பிந்தி. அந்த இடைவெளிதான் எங்களுடைய சைரன். இஸ்ரேலின் ஸ்டெரொட் நகரத்தில் காசாவில் இருந்து ரொக்கெட் வந்தால் அறிவிப்பு ஒலித்து 15 செக்கன் கிடைக்கும் என்று வாசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, அட, அம்மம்மாவின் கணக்குக்கும் இதற்கும் மூன்று செக்கன்தானே வித்தியாசம் என்று. (அங்கே பஸ் தரிப்பிடத்திலும் கொங்கிறீற்றுக் காப்பறை இருக்கிறது, எல்லைக்கு அந்தப் பக்கம் காசாவில் சைரனும் இல்லை காப்பறையும் இல்லை. அது வேறு கதை.)

ரொக்கெட் இந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. எரிந்து முடியும்போது ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம், பிறகு குறைந்தாலும் பத்துக் கிலோமீற்றர் தூரத்தைச் சத்தம் கடக்கிற அதே அரை நிமிடத்துக்குள் அதுவும் கடந்துவிடும். சத்தமும் ரொக்கெட்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே வரும். அம்மம்மா "ஒன்று" சொல்லிக்கொண்டிருக்க முதலாவது விழும், "இரண்டு" வரமுதல் நாலு விழும். அதைவிட மோசம், முதலாவது விழுந்து யாராவது காயப்பட்டால் தூக்க ஓடுவது மனித இயல்பு. ஓடுகிற அந்த இருபது செக்கனுக்குள் மிச்சம் முப்பத்தொன்பதும் வந்து முடியும். மோட்டாருக்குப் பழகிய சனம் முதல் செல் விழுந்ததும் எழும்பும், அடுத்தது வர நேரம் இருக்கிறது என்று தெரியும். பல்குழலில் எழும்பினவன்தான் போனான்.

அதனால் எங்கள் பக்கம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எண்ணுவதை விட்டுவிட்டுப் பங்கருக்குள்ளேயே சமைப்பது, பங்கருக்குள்ளேயே படுப்பது. வெளியில் வருவதென்றால் தண்ணீருக்கும் மலசலத்துக்கும் நிவாரண வரிசைக்கும் மட்டும்.

பங்கர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். எங்களுடையது 'எல்' வடிவம், உடையார்கட்டில் வெட்டியது, மார்பளவு ஆழம். அதற்குமேல் வெட்ட முடியவில்லை, புயல் மழை போட்ட தண்ணீர் இன்னும் வற்றவில்லை, மண்வெட்டி போட்ட இடத்தில் ஊறியது. அடியில் பலகை போட்டோம், பலகைக்குக் கீழே தண்ணீர் சளசளக்கும். மேலே குறுக்கே பனங்குற்றி, குற்றிக்கு மேல் தகரம், தகரத்துக்கு மேல் உரப்பையில் மண். ஏன் 'எல்' என்றால் வாசலில் ஒன்று விழுந்தால் துண்டு நேரே போய்ச் சுவரில் குத்தும், திரும்பி உள்ளே வராது. வாசலைத் தெற்குப் பக்கம் வைக்கக்கூடாது என்று சித்தப்பா நின்று சண்டை பிடித்தார். அம்மாவுக்கு வாசல் வடக்கே இருப்பது சாத்திரத்துக்குச் சரியில்லை. கடைசியில் கிழக்கே வைத்தோம், இருவருக்கும் பொதுவாக. இந்த வகைப் பங்கர் துண்டுக்குத் தாங்கும், பக்கத்தில் விழுகிற அதிர்ச்சிக்கு ஓரளவு தாங்கும். நேரே விழுந்தால் ஒன்றும் செய்ய ஏலாது.

ஜனவரி 23, 24. சுதந்திரபுரம்.

ஐ.நா.வின் பதினொராவது உணவுத் தொடரணி ஜனவரி 16 புதுக்குடியிருப்புக்கு வந்திருந்தது. இறக்கிவிட்டுத் திரும்ப வழி கிடைக்கவில்லை, அதில் வந்த சிலர் உள்ளே நின்றுவிட்டார்கள். வலயம் அறிவிக்கப்பட்டதும் சுதந்திரபுரத்தில், வலயத்துக்கு உள்ளே, உணவு பங்கிடும் மையம் ஒன்றைப் போட்டார்கள். அரச அதிபர் பக்கத்து ஆட்களும் அங்கே வந்தார்கள். ஐ.நா. கொடி இருக்கிற இடம் என்றால் சனம் விடுமா, சுற்றிவர ஆயிரக்கணக்கில் தறப்பாள் கட்டிக்கொண்டு குந்தியது. இடத்தின் அமைவுப் புள்ளிகளைக் கொழும்பு ஊடாக இராணுவத்துக்கு அறிவித்தார்கள்.

23 மாலை செல் விழத் தொடங்கியது. அங்கிருந்து கொழும்புக்குத் தகவல் போனது, கொழும்பில் இருந்து இராணுவத்துக்குப் போனது. இரவு கொஞ்சம் ஓய்ந்து, 24 விடிய முதல் திரும்பத் தொடங்கி நூற்றுக்கணக்கில் விழுந்தது. ஐ.நா. ஆட்கள் பங்கருக்குள் இருந்தார்கள், சுற்றியிருந்த சனத்துக்கு வந்த அன்றே பங்கர் வெட்ட எங்கே நேரம். விடிந்தபிறகு ஐ.நா. ஆட்கள் வெளியில் வந்து கண்டதை ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 மார்ச்சில் கொடுத்த அறிக்கையில் எழுதியிருக்கிறது. அதில் குழந்தைகளும் உண்டு. அதை நான் திருப்பி எழுதப் போவதில்லை.

அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. அங்கே நின்ற, படைத்துறையில் ஊறிய ஐ.நா. ஆள், செல் அரச படையின் நிலைகள் இருந்த பக்கத்தில் இருந்தே வருகிறது என்று கண்டறிந்தார். அதாவது, அம்மம்மா செய்த அதே வேலை. இருவருக்கும் ஒரே அறிவு, ஒருவருடையது அறிக்கையில் ஏறியது, மற்றவருடையது அடுப்படியில் நின்றது. அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: இயக்கத்தின் (விடுதலைப் புலிகளின்) ஆட்லறியும் சுமார் 500 மீற்றர் தள்ளியும் வலயத்துக்குள் இன்னும் பின்னால் இருந்தும் அடித்துக்கொண்டிருந்தது. இதையும் மறைக்காமல் எழுத வேண்டும், கீழே வருகிறேன்.

அடுத்தது புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி. கிளிநொச்சி ஆஸ்பத்திரி தர்மபுரம், விசுவமடு என்று துண்டு துண்டாக இடம்பெயர்ந்து, வள்ளிபுனம், உடையார்கட்டு ஆஸ்பத்திரிகளிலும் ஜனவரிக் கடைசியில் செல் விழுந்து, கடைசியில் சத்திரசிகிச்சை செய்யக்கூடிய ஒரு கட்டடம் என்று மிச்சம் இருந்தது இதுதான். அரசாங்க வைத்தியர்கள், சம்பளம் கொழும்பில் இருந்து வருகிறவர்கள், அவர்களோடு செஞ்சிலுவைச் சங்கத்து ஆட்கள். கூரையில் அடையாளம் இருந்தது, அமைவிடம் எல்லாருக்கும் தெரியும், வண்டு (ஆளில்லா வேவு விமானத்துக்கு எங்கள் சனம் வைத்த பெயர், இரைச்சல் அப்படி) இரவு பகலாக மேலே சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிலில் இடம் இல்லாமல் கட்டிலுக்குக் கீழே, விறாந்தையில், வெளியில் மாமரத்தடியில் பாயில். ஜனவரி 29இல் இருந்து பெப்ரவரி 4 வரை அந்த ஆஸ்பத்திரி பல்குழலும் மற்ற ஆட்லறியும் கலந்து குறைந்தது ஒன்பது தடவை நேரே வாங்கியது. நோயாளர் செத்தார்கள், வேலை செய்தவர்களும் செத்தார்கள். 4ஆம் திகதி மிச்சம் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு புதுமாத்தளனுக்குப் போய்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆஸ்பத்திரி போட்டார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி வரைபடத்தில் வலயத்துக்குச் சற்று வெளியே. அந்த நாட்களில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோத்தாபய ராஜபக்ச, வலயத்துக்கு வெளியே ஆஸ்பத்திரி எதுவும் இயங்கத் தேவையில்லை, வெளியே உள்ளவை தாக்கக்கூடிய இலக்கு என்ற பொருள்படவே வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்றுக்குப் பதில் சொன்னார். போர்ச் சட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு இருக்கிற பாதுகாப்பு யாரும் வரைபடத்தில் கோடு கீறித் தருவது கிடையாது, அது ஆஸ்பத்திரியாக இருப்பதாலேயே வருவது. வலயம் என்ற யோசனையே எங்கே போய் முடிந்தது பாருங்கள். உள்ளே இருந்தவனைக் காப்பாற்ற என்று கீறிய கோடு, வெளியில் இருந்தவனை அடிக்கலாம் என்பதற்கு நியாயமாகிவிட்டது, உள்ளே இருந்தவனுக்கும் அடி விழுந்தது.

இனிக் கணக்கு. முதலாவது வலயத்துக்குள் சரியாக எத்தனை பேர் என்பதில் அன்றைக்கே அடிபாடு. அரசு முழு வன்னிக்கும் எழுபதாயிரம் அளவில் சொல்லிக்கொண்டிருந்தது, யுத்தம் முடிந்தபின் செட்டிகுளத்து மெனிக் பாம் பக்க முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். நான் வேண்டுமென்றே குறைத்து, வலயத்துக்குள் ஒரு இலட்சம் என்றே வைக்கிறேன். 35 சதுர கிலோமீற்றரால் பிரித்தால் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 2,800 பேருக்கு மேல். 600க்கு 600 மீற்றர் என்பது 0.36 சதுர கிலோமீற்றர். அதாவது ஒரே ஒரு வண்டியின் ஒரு சுற்று எங்கே விழுந்தாலும், சராசரியாக ஆயிரம் பேர் இருக்கிற பரப்பில் 20 செக்கனில் 40 வெடிதலை. இதுவும் சனம் சமமாகப் பரவி இருந்தால்தான். உண்மையில் சனம் றோட்டோரமாக, கிணற்றடியில், நிவாரணம் கொடுக்கிற இடத்தில் குவிந்து கிடந்தது. பிறகு பெப்ரவரி 12 வலயத்தைக் கடற்கரைக்கு மாற்றினார்கள், சுமார் 14 சதுர கிலோமீற்றர். மே 8 திரும்பக் குறைத்தார்கள், ஏறக்குறைய 2 சதுர கிலோமீற்றர். கடைசி வலயத்தில் ஒரு சுற்றுப் பரவலே மொத்த நிலத்தில் ஆறில் ஒரு பங்கு.

எனக்கு இந்த விசயத்தில் சொல்ல இருக்கிறது ஒன்றுதான். "வேண்டுமென்று அடித்தார்களா, தவறி விழுந்ததா" என்று பதினைந்து வருசத்துக்கு மேலாக அடிபடுகிறோம். அடித்தவனின் மனதுக்குள் என்ன இருந்தது என்பது எனக்குத் தேவையே இல்லை. ஆயுதத்தின் பரவல் அவனுக்குத் தெரியும், கையேட்டில் இருக்கிறது. சனம் எங்கே இருக்கிறது என்று தெரியும், அந்த இடத்துக்கு வரச்சொன்னதே அவன்தான். இந்த இரண்டும் தெரிந்த ஒருவன் அந்த வலயத்தை நோக்கிப் பல்குழலைத் திருப்பினால், இயக்கத்தின் ஆட்லறி ஒன்றையே குறிவைத்திருந்தாலும், என்ன நடக்கும் என்பது அடிக்க முதலே முடிவாகிவிட்டது.

இது நானாகக் கண்டுபிடித்த வாதம் என்று நினைக்க வேண்டாம். 1995 மே 2, 3 குரோவேசியத் தலைநகர் சாகிரெப் மீது கிராயினா சேர்பியர்கள் (குரோவேசியாவுக்குள் பிரிந்து நின்ற சேர்பியர்கள்) ஓர்கன் என்ற 262 மில்லிமீற்றர் ரொக்கெட்டுகளை அடித்தார்கள். ஏழு பேர் செத்தார்கள், இருநூறுக்கு மேல் காயம். உத்தரவிட்ட அவர்களுடைய தலைவர் மிலான் மார்ட்டிச், நகரத்தில் படைத்துறை இலக்குகளும் இருந்தன என்று வாதாடினார். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேச நீதிமன்றம் 2007 ஜூனில் கொடுத்த தீர்ப்பில், அந்தத் தூரத்தில் இருந்து அடிக்கும்போது அந்த ஆயுதம் குறித்த இலக்கைத் தாக்கவே வல்லது இல்லை, சனம் அடர்ந்த நகரம் என்று தெரிந்தே பயன்படுத்தினார்கள், அதனால் பொதுமக்கள் மீதான தாக்குதல்தான் என்றது. அதையும் இன்னும் பல குற்றங்களையும் சேர்த்து 35 வருசம். மேன்முறையீட்டிலும் 2008 ஒக்டோபர் 8 அந்தத் தண்டனை நின்றது, அதாவது ஐ.நா. கிளிநொச்சியை விட்டு மூன்று கிழமைக்குப் பிறகு. ஓர்கன் கொத்துக்குண்டு கொட்டுகிற ரொக்கெட், அடித்ததும் உச்சத் தூரத்துக்குக் கிட்ட, ஆகவே அதை அப்படியே தூக்கி வன்னியில் ஒட்டிவிட ஏலாது. ஆனால் ஆயுதத்தின் இயல்பையே சாட்சியாக எடுக்கலாம் என்ற வழி எங்கள் மேல் முதல் பல்குழல் விழ முன்னமே திறந்து கிடந்தது.

இயக்கத்தைப் பற்றி. சனத்துக்கு நடுவில் ஆட்லறியைக் கொண்டுவந்து வைத்து அடித்தார்கள். நாலு அடித்துவிட்டு ரக்ரரில் கொளுவி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பதில் வரும்போது அங்கே நாங்கள்தான் இருப்போம். எங்கள் தறப்பாளுக்கு நூறு யார் தள்ளி ஒருநாள் பின்னேரம் இழுத்துவந்து நிறுத்தினார்கள். அம்மா போய் "தம்பியவை, இதில பிள்ளையள் இருக்கு" என்றா. அதில் நின்ற பெடியன் என்னைவிட ஒரு வயது கூட இருந்தால் அதிசயம், "அம்மா, எங்களுக்கு மட்டும் வேற இடமா இருக்கு" என்றான். அது பொய்யும் இல்லை, ஆனால் அது நியாயமும் இல்லை. வெளியேறப் பார்த்த சனத்தை மறித்தார்கள், சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே நிபுணர் குழு இதையும் எழுதியிருக்கிறது, சனம் அதற்கு முன்னமே தங்களுக்குள் கதைத்தது. இயக்கம் செய்ததைச் சொன்னால் அரசு செய்தது கழிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கும், அரசு செய்ததைச் சொன்னால் இயக்கத்துக்கு வெள்ளையடிப்பது என்று நினைக்கிறவர்களுக்கும் மேலே உள்ள கணக்கைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொல்வேன். இயக்கத்தின் ஒரு பீரங்கி அந்தப் பரப்பில் நின்றது என்பதற்காக 0.36 சதுர கிலோமீற்றர் சுருங்கிவிடாது.

ஏப்ரல் 27 கனரக ஆயுதம் இனிப் பாவிக்க மாட்டோம் என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பை நாங்கள் வானொலியில் கேட்டது பங்கருக்குள் இருந்துதான். அதற்குப் பிறகும் எண்ணிக்கொண்டுதான் இருந்தோம்.

சரி, விசாரணை? 2011 நவம்பரில் அரசு நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தன் அறிக்கையைக் கையளித்தது. ஆஸ்பத்திரிகள் மீதோ அருகிலோ செல் விழுந்தது உண்மை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள், யார் அடித்தது, எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்பதைத்தான் தங்களால் தீர்மானிக்க முடியவில்லை என்றார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. ரொக்கெட் விழுந்தால் அது வந்த திசையை அதுவே எழுதி வைத்துவிட்டுத்தான் போகும். வெடிதலை வெடிக்க, பின்பக்கத்துக் குழாய் அநேகமாக நிலத்தில் குத்திக்கொண்டு நிற்கும், வால் வந்த பக்கத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். குழியின் வடிவமும் துண்டு பறந்த விசிறியும் மிச்சத்தைச் சொல்லும். 2015 ஜனவரி 24, சுதந்திரபுரம் நடந்து சரியாக ஆறு வருசம், உக்ரேனின் மரியுபோல் நகரத்துக் குடியிருப்புப் பகுதி ஒன்றில் இதே கிராட் விழுந்து குறைந்தது 30 பேர் செத்தார்கள். ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் கண்காணிப்பாளர்கள் அன்றைக்கே போய்க் குழிகளை அளந்து, எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது, அந்தப் பக்கம் யாருடைய பிடியில் இருக்கிறது என்று அன்றைக்கே அறிக்கை விட்டார்கள். வன்னியில் குழியை அளக்க யார் இருந்தார்கள்? அளக்கக்கூடியவர்களைத்தான் செப்டெம்பரிலேயே லொறி ஏற்றி அனுப்பியாகிவிட்டதே.

நாங்கள் மீள்குடியேறிப் போனபோது வளவு பற்றையாகக் கிடந்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் சிவப்புத் தடி நட்டு, பிறகு பிடுங்கி, இனி இருக்கலாம் என்று கடதாசி தந்திருந்தார்கள். பழைய பங்கர் இடிந்து, பனங்குற்றியைக் கறையான் அரித்து, ஒரு பள்ளம் மட்டும். அதற்கு அங்கால் வேலியோரம் வடலிக்குள் ஒரு குழாய், முழங்கால் உயரம், துருப்பிடித்து நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை, ஆபத்து இல்லை என்று அவர்கள் பார்த்துச் சொன்னபிறகுதான் கிட்டப் போனோம். சித்தப்பா அதைச் சுற்றிவந்து, சாய்ந்திருந்த பக்கத்துக்குக் கையை நீட்டி, "தெற்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, முணுமுணுக்கக்கூட இல்லை.

அந்த நாட்களில் பழைய இரும்பு எடுக்கிற லொறிகள் வவுனியாப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு நாளும் வரும். வன்னி முழுக்க உடைந்த ரக்ரர், எரிந்த பஸ், செல் கோது, ரொக்கெட் குழாய் எல்லாம் கிலோ கணக்கில் ஏறிப் போனது. எங்கள் வீட்டிலும் காசு தேவைப்பட்டது, அப்போது தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தோம். வியாபாரி குழாயை அலவாங்கால் கிளப்பி, ஆட்டி ஆட்டி இழுத்து எடுத்து, தராசுச் சங்கிலியில் கொளுவித் தூக்கினார். அம்மம்மா குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தா. "எத்தினை கிலோ தம்பி?" என்று கேட்டா. அவர் சொன்னார். "ஒண்டுதானே, இந்த வளவுக்குள்ள ஏழு விழுந்தது, மற்றதையும் தேடிப் பாருங்கோ" என்றா.